வாயில்லா ஜீவன்களுக்கு நீதி எங்கே?

அநுராதபுரத்தில் அரசு வீற்றிருந்து 44 ஆண்டுகள் இந்நாட்டை ஆண்ட எல்லாள மன்னனின் வரலாற்றை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. அம்மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தான் என்றும், நீதி வேண்டுவோர் எவரும் அதன் கயிற்றை இழுக்கலாம் என்றும் மகாவமிசம் கூறுகின்றது. ஒருநாள் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டு இளங்கன்று ஒன்று மாண்டது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. மன்னன் தன் மகனை அதே சக்கரத்தாலேயே தண்டித்தான். பின்னர் ஒருநாள், பனை மரத்திலிருந்த தன் குஞ்சினைப் பாம்பு விழுங்கிவிட்டது என்று ஒரு பறவை வந்து மணியை அடித்தது. அதற்கும் அவன் நீதி வழங்கினான். மாற்றானாகக் கருதப்பட்ட ஒருவனைப் பற்றி மகாவமிச ஆசிரியரே இவ்வாறு எழுதி வைத்திருக்கின்றாரெனில், அந்தச் செங்கோலின் சிறப்பை என்னென்று கூறுவது! திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றிப் பெரிய புராணம் உரைக்கும் வரலாறும் இதனையே ஒத்தது.

இக்கதையில் நாம் பெரும்பாலும் தந்தையின் தியாகத்தையே வியக்கின்றோம். வழக்காளி யார் என்பதை எண்ணுவதில்லை. வழக்காளி ஒரு பசு; மற்றொரு நாள் ஒரு பறவை. விலங்குக்கும் வழக்குரைக்கும் உரிமை உண்டோ என்று மன்னன் வினவவில்லை. துன்பம் நேர்ந்ததா, நேர்ந்ததற்குக் காரணம் யார் என்பவற்றை மட்டுமே அவன் ஆராய்ந்தான். ஆயிரமாயிரம் ஆண்டுகள் கழிந்த இந்நாளில், அதே மண்ணில், அதே பசு வந்து மணியை அடித்தால் அதற்குக் கிடைக்கும் நீதி யாது? இவ்வினாவையே இன்று வாசகர்களின் முன் வைக்க விரும்புகின்றோம்.

அம்பாள்குளத்தில் நிகழ்ந்தது

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21 ஆம் நாள், கிளிநொச்சியை அடுத்த அம்பாள்குளம் கிராமத்தினுள் சிறுத்தை ஒன்று புகுந்தது. பத்துப் பேர் வரையில் அதனால் காயமுற்றனர். அவர்களுள் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். ஊரவர் பொல்லுகளுடனும் தடிகளுடனும் திரண்டனர். சிறுத்தையை வளைத்து அடித்துக் கொன்றனர். அதோடு முடிந்திருந்தால் அஃது ஓர் ஊரின் துயரக் கதையாகவே மறைந்திருக்கும். ஆனால் அடிக்கும் காட்சியையும், இறந்த உடலின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்ட காட்சியையும் கைத்தொலைபேசிகள் நாடெங்கும் பரப்பின. கிளிநொச்சி நீதவான், சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்யுமாறு பொலிசாருக்கு உத்தரவிட்டார். சிலர் கைதாயினர்.

அந்நாட்களில் எழுந்த விவாதம் நம் நினைவை விட்டு அகலவில்லை. தெற்கிலிருந்து சிலர், வன்னி மக்களையே கொடியவர்கள் என்று ஏசினர். வன்னியிலிருந்து சிலர், “மனிதர் இரத்தம் சிந்தியபோது வராத கண்ணீர் சிறுத்தைக்காக வருகின்றதோ?” என்று வெகுண்டனர். இரு பக்கத்துக் கோபத்திலும் ஓரளவு காரணம் இருந்தது. இரு பக்கத்திலும் முழு நியாயம் இருக்கவில்லை.

முதலில் ஊரவரின் பக்கத்தைப் பார்ப்போம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. பல முறை இடம்பெயர்ந்து, முகாம்களில் வாடி, கண்ணிவெடி அகற்றிய நிலத்திற்கு மீண்டுவந்து, பற்றை வெட்டிக் குடிசை போட்டவர்கள் இவர்கள். காடு மூடிக் கிடந்த ஆண்டுகளில் விலங்குகள் தம் எல்லையை விரித்துக்கொண்டன; மனிதர் திரும்பி வந்தபோது இரு சாராரும் முகத்துக்கு முகம் நிற்க நேர்ந்தது. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் சிறுத்தை நின்றால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்? விலங்கை உரிய காலத்தில் பிடித்து அகற்றவில்லை என்பது ஊரவரின் முறைப்பாடு. அந்த முறைப்பாட்டை அலட்சியம் செய்தல் தகாது.

ஆயினும் அச்சம் வேறு, கொடுமை வேறு. பாயும் விலங்கை எதிர்த்துத் தன்னையும் தன் அயலவனையும் காத்துக்கொள்பவனை எச்சட்டமும் பழிக்காது. வளைக்கப்பட்டு ஓய்ந்துபோன விலங்கைக் கூட்டமாகச் சூழ்ந்து அடிப்பதும், அதன் மரணத்தைக் கொண்டாட்டமாக்குவதும் தற்காப்பில் அடங்கா. இந்த எல்லைக் கோட்டை வரைவதற்கே சட்டம் வேண்டியிருக்கின்றது.

இறந்தது எத்தகைய விலங்கு என்பதையும் மாணவர்கள் அறிதல் நன்று. சிங்கமும் புலியும் இல்லாத இலங்கைக் காட்டில் சிறுத்தையே தலைமை வேட்டை விலங்கு. இந்தத் தீவுக்கே உரிய அந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஆயிரத்திற்கும் குறைவு என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. மானையும் பன்றியையும் அளவில் வைத்திருப்பதும் அதுவே. பன்றி பெருகித் தன் மரவள்ளியைக் கிளறுகின்றது என்று முறையிடும் கமக்காரன், சிறுத்தை குறைந்தால் பன்றி பெருகும் என்பதை மறந்துவிடுகின்றான்.

நூறு ரூபாயின் கதை

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்நாட்டில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. விலங்கைக் கொடூரமாக அடித்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல், வேதனை உண்டாகும்படி கட்டி ஏற்றிச் செல்லுதல் ஆகியவை அதன்படி குற்றங்கள். தண்டனை யாது? உச்சமாக 100 ரூபாய் தண்டப்பணம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும்.

100 ரூபாயா என்று இன்று சிரிக்கின்றோம். 1907 இல் எவரும் சிரித்திருக்க மாட்டார். அக்காலத்தில் 15 ரூபாய்க்கு ஒரு தங்கப் பவுண் என்பது நிலையான மாற்று விகிதம். ஆகவே 100 ரூபாய் என்பது ஆறரைப் பவுணுக்கும் மேற்பட்ட தொகை. மாட்டை வதைத்த வண்டிக்காரன் தன் மனைவியின் தாலிக்கொடியை விற்றாலும் கட்ட முடியாத தண்டம் அது! இன்று ஒரு பவுணின் விலை இரண்டு இலட்சம் ரூபாய்க்கும் மேல். அன்றைய தண்டத்தைத் தங்கத்தால் அளந்தால் இன்று அது 13 இலட்சம் ரூபாய்க்குக் குறையாது. அந்தத் தண்டனை, எவரும் குறைக்காமலே, நாணயத்தின் வீழ்ச்சியால் தானே கரைந்துபோயிற்று. இன்று 100 ரூபாயைக் கொண்டு ஓர் இறாத்தல் பாண் வாங்குவதே அரிது. ஓர் உயிரை வதைத்த குற்றத்துக்கு ஒரு பாணின் விலைகூடத் தண்டமாகாது எனில், அச்சட்டத்தைக் கண்டு யார் அஞ்சுவர்?

மற்றொரு குறையும் உண்டு. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் “விலங்கு” என்பது வீட்டு விலங்கையும், பிடித்து அடைத்த விலங்கையுமே குறிக்கும். காட்டில் சுயேச்சையாகத் திரியும் மானோ சிறுத்தையோ அதனுள் அடங்காது. அவற்றுக்கென 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. பல முறை திருத்தப்பட்டு, 2009 இல் தண்டனைகள் உயர்த்தப்பட்ட சட்டம் அது. எனவே காட்டுச் சிறுத்தையைக் கொன்றவர் பிந்திய சட்டத்தின் கடுமையைச் சந்திக்கின்றார்; வீட்டுப் பசுவை அணு அணுவாக வதைப்பவர் 100 ரூபாயுடன் வெளியேறலாம். நம்மோடு வாழ்ந்து, நமக்குப் பால் தந்து, நம் வயலை உழுத உயிருக்கே நாட்டில் மிகக் குறைந்த பாதுகாப்பு. என்னே விந்தை!

வன்னியில் நாள்தோறும் காண்பவை

சிறுத்தையின் சாவு ஒருநாட் செய்தி. நாள்தோறும் நிகழ்ந்து செய்தியாகாமற் போகும் கொடுமைகள் பல. கண்டி வீதியில் இரவில் பயணம் செய்த ஒருபோது, வழியோரத்தில் நின்ற ஒரு லொறியை நாம் கண்டோம். தார்ப்பாயால் மூடிய அதன் பின்புறத்திலிருந்து மூச்சுத் திணறும் ஓசை வந்தது. பாயின் ஓரத்தை விலக்கிப் பார்த்தபோது, நிற்கவும் படுக்கவும் இடமின்றி மாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கப்பட்டிருந்தன. ஒரு மாட்டின் கொம்பு மற்றொன்றின் விலாவில் குத்தியிருந்தது. கீழே விழுந்த ஒன்றை ஏனையவை மிதித்துக்கொண்டிருந்தன. கால்நடைகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் விதிக்கின்றது. களவு மாடுகளைக் கடத்துவோர் சோதனைக்கு அஞ்சியே இவ்வாறு மூடி நெருக்குகின்றனர். பிடிபட்டாலும் ஒரு மாட்டின் விலையில் தண்டம் மிகச் சிறு பங்கு. ஆகவே அது வியாபாரச் செலவுகளுள் ஒன்றாகிவிடுகின்றது.

அடுத்தது கட்டாக்காலி மாடுகளின் துயரம். வன்னியில் மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது. பட்டி பட்டியாக மாடு வளர்ப்போர் அவற்றை எங்கே விடுவது என்று அறியாது தவிக்கின்றனர். காலபோகப் பயிர் பச்சையாய் நிற்கையில் மாடு வயலுக்குள் புகுகின்றது. வெகுண்ட கமக்காரன் கத்தியை வீசுகின்றான். பின்னங்கால் நரம்பு அறுபட்ட மாடு வரம்போரத்தில் நாட்கணக்கில் கிடந்து புழுத்துச் சாகின்றது. அத்துமீறிய மாட்டைப் பிடித்துக் கட்டி, உரியவரிடம் நட்டஈடு பெறுவதற்கு ஆங்கிலேயர் காலம் முதலே சட்டம் உண்டு. அந்த வழி நீண்டது, கத்தி அருகில் இருக்கின்றது என்பதே குறை.

மூன்றாவது, காட்டோரத்துப் பொறிகள். கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, சட்டவிரோத மின்வேலி, எல்லாவற்றினும் கொடிய பன்றிவெடி. பன்றிவெடி வைப்பவன் வெடிமருந்தை வெள்ளரிக்காய், பூசணிக்காய் போன்ற உணவினுள் மறைத்து வைக்கின்றான். பன்றிக்கென வைத்ததை யானைக்கன்று கடிக்கின்றது. வாய் சிதறுகின்றது, உயிர் உடனே போவதில்லை. உண்ணவும் முடியாது, நீர் அருந்தவும் முடியாது, பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில், பட்டினியால் அது மெலிந்து சாய்கின்றது. 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இலங்கையில் 400 க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. அதே ஆண்டுகளில் யானைகளால் மாண்ட மனிதரும் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேல் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அந்த மனிதருட் பெரும்பாலோர் ஏழைக் கமக்காரர்.

நான்காவதாகச் சவாரியையும் சொல்லாது விடுதல் இயலாது. மாட்டுவண்டிச் சவாரி வன்னியின் பெருமை; அதற்கென மாட்டைப் பிள்ளைபோல் ஊட்டி வளர்ப்போர் பலர். ஆனால் வெற்றியின் வெறியில் ஊசி பதித்த தடியால் இரத்தம் சொட்டக் குத்துவதும், வாலை முறுக்கி நெரிப்பதும் வீரமாகா. தடியைத் தடை செய்து சவாரியைக் காத்தால் கலையும் நிற்கும், மாடும் நிற்கும்.

உறங்கும் சட்டமூலம்

பழைய சட்டத்தின் குறையை அரசு அறியாமல் இருக்கவில்லை. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006 ஆம் ஆண்டிலேயே விலங்குகள் நலன்பேணல் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, “விலங்கு” என்பதன் பொருளை விரித்து, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு உணவு, நீர், உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அளிக்கும் கடமையை விதித்து, தண்டனைகளை உயர்த்தி, இவற்றை மேற்பார்வை செய்ய ஒரு தேசிய அதிகாரசபையை அமைப்பது அதன் நோக்கம். 2010 இல் அத்துரலியே ரத்ன தேரர் அதனைத் தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 2016 இல் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. ஆயினும் வரைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அது சட்டமாகவில்லை. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், வாக்களிக்க இயலாத உயிர்களின் சட்டமூலம் மட்டும் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது.

அயல் நாடுகளை நோக்குவோம். இங்கிலாந்தில் 1822 இல், ரிச்சர்ட் மார்ட்டின் என்பவரின் முயற்சியால் கால்நடைகளை வதைப்பதற்கு எதிரான சட்டம் பிறந்தது. பாராளுமன்றத்தில் அவரை எள்ளி நகைத்தோர் பலர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2021 இல், அதே நாடு விலங்குக் கொடுமைக்கான உச்சத் தண்டனையை ஆறு மாதச் சிறையிலிருந்து ஐந்து ஆண்டுச் சிறையாக உயர்த்தியது. இந்தியாவில், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்தாயிற்று. 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆயினும் அந்தச் சட்டத்தின் முதற் குற்றத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. தண்டனைகளை உயர்த்த வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றமே 2014 இல், ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் எடுத்துரைத்தது. நோய் ஒன்றே என்பதும், காலத்தோடு வளராத தண்டனை சட்டத்தையே செல்லாக்காசாக்கிவிடும் என்பதும் இதனால் விளங்கும்.

ஏழைக்கு மட்டும் தண்டனையோ?

“தண்டனையை உயர்த்தினால் அகப்படுவோர் ஏழைகளே, பெரியவர்கள் தப்பிவிடுவர்” என்று சிலர் கூறுவர். இவ்வாட்சேபம் கனமானது. வன்னியின் நிலையில் இதற்கு விடை கூறாது எவரும் கடுஞ்சட்டம் கோரல் ஆகாது.

நம் விடை இது. தண்டனை குற்றத்தின் தன்மைக்கு ஏற்பப் படிப்படியாக அமைதல் வேண்டும். அறியாமையால் சுமையைக் கூட்டிய வண்டிக்காரனுக்கு முதலில் எச்சரிக்கையும் சிறு தண்டமும் போதும். இலாபத்துக்காக மாடுகளை நெருக்கிக் கடத்துபவனுக்கு, அவன் அடையும் இலாபத்திலும் மேற்பட்ட தண்டமும், வாகனப் பறிமுதலும் வேண்டும். சாரதியோடு லொறிச் சொந்தக்காரனும் பொறுப்பேற்றல் வேண்டும். இன்பத்துக்காக வதைப்பவனுக்குச் சிறைத்தண்டனையே தகும். அவன் மீண்டும் விலங்கு வளர்க்கத் தடை விதிக்க வேண்டும். தண்டத் தொகையைச் சட்டத்திலேயே கல்வெட்டாகப் பொறித்து வைத்தால் 100 ரூபாயின் கதையே மறுபடி நிகழும். ஆதலின் காலத்துக்குக் காலம் ஒழுங்குவிதியால் அதனை உயர்த்த இடம் வைத்தல் அறிவுடைமை.

இவற்றோடு, சட்டம் ஒரு கையால் தண்டித்தால் மறு கையால் உதவ வேண்டும். வன்னியின் ஒவ்வொரு மாவட்டத்திலும், மயக்க மருந்து செலுத்தும் துப்பாக்கியுடன் பயிற்சி பெற்ற மிருக வைத்தியர் அழைத்த உடன் வரக்கூடியதாய் இருத்தல் வேண்டும். யானை அழித்த பயிருக்கும் உடைத்த வீட்டுக்கும் நட்டஈடு அடுத்த போகத்துக்கு முன் கைக்கு வரல் வேண்டும். பிரதேசந்தோறும் மேய்ச்சல் தரை ஒதுக்கப்படல் வேண்டும். கைப்பற்றிய மாடுகளைப் பராமரிக்க ஓர் இடமும் வேண்டும். இன்றேல் லொறியிலிருந்து மீட்ட மாடு பொலிஸ் நிலைய முற்றத்தில் நீரின்றி வாடும். அம்பாள்குளத்து மக்கள் அழைத்த நேரத்தில் சிறுத்தையை மயக்கிப் பிடித்து அகற்றியிருந்தால், மனிதரும் அத்தனை பேர் காயமுற்றிரார்; சிறுத்தையும் பிழைத்திருக்கும்; நீதிமன்றத்துக்கு வேலையும் இருந்திராது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

சட்டம் பாராளுமன்றத்தில் பிறக்கின்றது. இரக்கம் வீட்டு முற்றத்தில் பிறக்கின்றது. ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1751 இல் “கொடுமையின் நான்கு படிகள்” என்று நான்கு சித்திரங்களை வெளியிட்டார். முதற் சித்திரத்தில் ஒரு சிறுவன் நாயை வதைக்கின்றான். இரண்டாவதில், வளர்ந்து, குதிரையை அடிக்கின்றான். மூன்றாவதில் கொலைகாரனாகின்றான். நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடல் அறுக்கப்படுகின்றது. ஓவியன் கண்டதைப் பிற்கால ஆராய்ச்சியும் மறுக்கவில்லை. விலங்கை வதைக்கும் கை பின்னர் மனைவியையும் பிள்ளையையும் நோக்கி நீளக்கூடும் என்பதை உணர்ந்தே, அமெரிக்காவின் புலனாய்வுத் துறை 2016 முதல் விலங்குக் கொடுமையைத் தனிக் குற்றமாகக் கணக்கிட்டு வருகின்றது.

ஆகவே பெற்றோர்களே, கெற்றப்போலால் அணிலை வீழ்த்திய மகனைப் பார்த்து “குறி தவறாதவன்” என்று சிரிக்காதீர்கள். நாய்க்குட்டியின் வாலில் தகரப்பேணியைக் கட்டும் பிள்ளையை அன்றே திருத்துங்கள். மாணவர்களே, காட்டோரத்தில் கம்பிச் சுருக்கையோ, ஐயத்துக்கிடமான பூசணிக்காயையோ கண்டால் தொடாதீர்கள். ஆசிரியரிடமோ, கிராம அலுவலரிடமோ, வனசீவராசிகள் உத்தியோகத்தரிடமோ உடனே கூறுங்கள். நாட்டின் சட்டமூலத்துக்கு என்ன நேர்ந்தது என்று உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளியின் தமிழ் மன்றத்தில் அதனை விவாதப் பொருளாக்குங்கள்.

தை மாதத்தில் பட்டிப்பொங்கல் வருகின்றது. கொம்புக்கு வர்ணம் தீட்டி, கழுத்துக்கு மாலை சூட்டி, பொங்கலை ஊட்டி, மாட்டின் காலைத் தொட்டு வணங்குகின்றோம். அந்த ஒருநாள் அன்பு ஆண்டின் ஏனைய நாட்களிலும் நிலைத்தால் அதுவே போதும். எல்லாளன் வாயில் மணி இன்று இல்லை. பசுவும் பறவையும் கயிற்றை இழுக்க வரமாட்டா. அவற்றுக்காகக் கயிற்றை இழுக்க வேண்டியவர்கள் நாமே.